மேசைக்கு அடியில் உன் மகள்

விக்கிரமங்கலம்,
கார்த்திகை மாதம்.

அன்பு மகன் மணிமாறனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே வேற எதாச்சும் பேசும்மா என்கிறாய், அதற்குமேல் பேசினால் வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் கோபம் வந்தாலும் கீழே போட்டுவிட்டு அப்புறம் எடுத்துப் படிக்கலாம். கீழப்பழுவூர் பாலாஜி லீவு முடிந்து தோஹா திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ரூமில் இருக்கிற பிள்ளைகள் முன்னால் பிரிக்காதே, தனியாக உட்கார்ந்து முழுக்கப் படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, வயலுக்குப் போனால் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார். மக்காச்சோளத்தில் இந்த வருஷமும் படைப்புழு விழுந்துவிட்டது, மருந்தடித்தும் குருத்தெல்லாம் சல்லடையாகக் கிடக்கிறது. சிவப்புப் பசு ஆவணியில் போட்ட கிடாரிக் கன்று நன்றாக வளர்கிறது, அது ஒன்றுதான் நல்ல சேதி. மற்றதெல்லாம் மேகலாவையும் நந்தினியையும் பற்றித்தான். நீ போன வாரம் கேட்டாய், எம்பொண்டாட்டி புள்ளைய என்ன பைத்தியம்னு நெனச்சு பெரம்பலூருக்கு இழுத்துகிட்டு அலையிறீங்களா என்று. யாரும் பைத்தியம் இல்லை தம்பி. அங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, அதனால் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. அடிபட்ட பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அங்கே கவுன்சிலிங் கொடுக்கிறார்கள். ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண், சாந்தி மேரி என்று பெயர், நாற்பது வயது இருக்கும், அவர்தான் பேசுகிறார். மேகலா செட்டிகுளத்தில் அவள் அப்பா வீட்டிலிருந்து பிள்ளையோடு வந்துவிடுவாள், அத்த நீங்களும் வாங்க, எனக்குத் தனியா உக்காரப் பயமா இருக்கு என்று அவள் கேட்டதால் நானும் அரியலூரில் பஸ் மாறி போய்ச் சேருவேன். முதல் நாள் அந்தம்மா மேகலாவைப் பார்த்து, எங்க உக்காரணும்னு தோணுதோ அங்க உக்காருங்க, கதவு தொறந்தே இருக்கட்டுமா சாத்திக்கலாமா என்று கேட்டார். மேகலா என் முகத்தைப் பார்த்தாள். நந்தினி நேராக மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது, ஏ புள்ள வெளிய வா என்று கையை நீட்டினேன். இருக்கட்டும்மா, அவளுக்கு அந்த எடந்தான் பத்திரம்னு தோணுது, எப்ப வரணும்னு அவளே முடிவு பண்ணட்டும் என்று சொல்லிவிட்டு, கலர் பென்சிலையும் தாளையும் கீழே நகர்த்திவிட்டார். பேசி முடிக்கிறவரை பிள்ளை வெளியே வரவே இல்லை. அடுத்தடுத்த வாரமும் அப்படித்தான். யாரும் அவளை இழுக்கவில்லை, திட்டவில்லை.

மேகலா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் குறையும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் பேச ஆரம்பித்தால் பாதியில் கண் அப்படியே நிலைகுத்திவிடும், ஆள் எதிரே இருக்கிறாள், ஆனால் அங்கே இல்லை. சாந்தி மேரி உடனே பேச்சை நிறுத்திவிடுவார். பாதத்தத் தரையில நல்லா ஊனிக்கம்மா, இந்தத் தம்ளரத் தொட்டுப் பாரு, ஜில்லுனு இருக்கா, இது பெரம்பலூரு, இப்ப இங்க உன்ன அடிக்க யாரும் இல்ல என்று மெதுவாகச் சொல்லித் திரும்பக் கொண்டுவருவார். ஏன் முழுசா சொல்ல விட மாட்டேங்கிறீங்க என்று நான் தனியாகக் கேட்டதற்கு, தாங்குற பலம் வர்றதுக்கு முன்னால சொல்லச் சொன்னா திரும்பவும் அடி வாங்குற மாதிரிதாம்மா, ஒடம்புக்கு அப்ப இப்பன்னு வித்தியாசம் தெரியாது என்றார். இன்னொன்றும் சொன்னார், அடி ஒருத்தர் மேல விழுந்தாலும் பாத்தவங்க எல்லாரு ஒடம்புலயும் அது தங்கிடுது என்று.

சித்திரையில் லீவுக்கு வந்தபோது நடந்ததை நீ மறந்திருப்பாய் அல்லது சின்ன விஷயம் என்று நினைத்திருப்பாய். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு கம்பெனி வேலைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டாள், அவ்வளவுதான். நீ அறைக்குள் இழுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டாய். நானும் அப்பாவும் வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டிக் கத்தினோம், நந்தினி உள்ளே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். கதவு திறந்தபோது மேகலாவின் தோள் எலும்பு முறிந்திருந்தது. நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், போலீசில் எழுதிக் கொடு நான் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னேன், அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அழுதாள். நீ விமானம் ஏறிவிட்டாய். எலும்பு கூடிவிட்டது. ஆனால் உன் மகள் பள்ளிக்கூடத்தில் கக்கூசுக்குப் போவதில்லை. உள்ளே போனால் தாழ்ப்பாள் போட வேண்டுமே, அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. வகுப்பிலேயே பாவாடையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கின்றன. நாங்கள் அடம் என்று நினைத்தோம், சாந்தி மேரிதான் கண்டுபிடித்தார். டீச்சரிடம் அவரே பேசி, கதவைச் சும்மா சாத்திவிட்டு வெளியே ஒரு தோழி நிற்கலாம் என்று ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பாவாடை நனையவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோழி வரைந்தாள். அன்றைக்கு மேகலா சிரித்ததை நான் பார்த்தேன்.

காலாண்டு லீவுக்குப் பிள்ளை நம் வீட்டுக்கு வருகிறாள் என்றதும் எல்லா அறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பாவே திருப்புளியை எடுத்து வந்து கொடுத்தார். பிள்ளை இரண்டு நாள் கன்றுக்குட்டியோடு சந்தோஷமாக ஓடித் திரிந்தாள். மூன்றாம் நாள் காலையில் நீ அப்பா போனுக்குக் கூப்பிட்டாய். அவருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். எங்க எம்பொண்ணு, போனக் குடுங்க என்று நீ கேட்டது பாசமாகத்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன் குரல் கேட்டதும் பிள்ளையைக் காணோம். தேடித் தேடி, கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கால் வழியாக ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை பெரம்பலூருக்குப் போனபோது பழையபடி மேசைக்கு அடியில் போய்விட்டாள். இத்தனை மாதம் பட்ட பாடு ஒரு போன் சத்தத்தில் போய்விட்டது. சாந்தி மேரி, பரவால்லம்மா, இப்புடி முன்னப் பின்னதான் போவும் என்று சொன்னார், ஆனால் அவர் முகம் வாடியிருந்ததை நான் கவனித்தேன்.

அந்தம்மாவிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன், எம்மவன் ஏன் இப்படி ஆனான் என்று. உன் அப்பா இத்தனை வருஷத்தில் என்மேல் கை வைத்ததில்லை, உன்னையும் ஒரு பிரம்பால் தொட்டதில்லை. நான் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டேன், காரணம் கிடைக்கவில்லை. காரணம் கெடச்சாலும் அவரு மாறணும்னு நெனச்சாதான் மாறுவாரும்மா என்று மட்டும் சொன்னார்.

இப்போது உன் தாய்மாமன் ஆண்டவர் செட்டிகுளத்துக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார். தைக்கு நீ வருவதாகவும், பொண்டாட்டி பிள்ளையை நம் வீட்டுக்குக் கூட்டி வந்து இனி ஒழுங்காக வைத்துக்கொள்வதாகவும் நீ சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். மேகலாவின் அப்பாவும் சம்மதித்துவிட்டார். மூத்தவள் இப்படி வீட்டோடு இருப்பதால் இளையவள் அம்பிகாவுக்கு வருகிற வரனெல்லாம் தட்டிப் போகிறதாம், கவுன்சிலிங்கும் இனி வேண்டாம், ஊர் பேசுகிறது என்று நிறுத்திவிட்டார். போன வாரம்தான் கடைசி. மேகலா தலையைக் குனிந்துகொண்டு, போறேன் மேடம், எனக்கு வேற எடம் இல்ல என்றாள். நான் குறுக்கே விழுந்து, போவாதம்மா, நான் பேசிப் பாக்கறேன் என்றேன். போகாதே என்று சாந்தி மேரி சொல்லவில்லை. மறுபடி அப்படி ஒன்று நடந்தால் யார் வீட்டுக்கு ஓடலாம், பிள்ளைக்கு என்ன வார்த்தை சொன்னால் வெளியே ஓடிவிடும், எந்த நம்பரை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லிக் கொடுத்தார். யாரு வருவா உன்னக் காப்பாத்த என்று கேட்டதற்கு மேகலா, அத்த இருக்காங்க என்றாள். போன தடவையும் நான் கதவுக்கு வெளியேதானே நின்றேன். எனக்கும் உன் அப்பாவுக்கும் உன் கையைப் பிடிக்கப் பலம் ஏது. கிளம்பும்போது, எல்லாம் சரியாயிடுமா மேடம் என்றேன். அப்புடி வாக்குக் குடுக்க மாட்டேம்மா, பயம் இல்லாத எடத்துலதான் அதுங்க தேறும், பயத்தையே பக்கத்துல கொண்டாந்து வெச்சா நான் என்ன செய்ய என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படியிறங்கும்போது நந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதிப் படியில் நின்று, அப்பத்தா, அப்பாவ நீயா பெத்த என்று கேட்டாள். ஆமா சாமி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை உருவிக்கொண்டு அவள் அம்மா பக்கம் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. பஸ்ஸில் அரியலூர் வருகிறவரை அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன் மணி. இந்தத் தைக்கு வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு, மாமாவிடமும் சம்பந்தியிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன், ஊர் என்னைத் தூற்றினால் தூற்றட்டும். நீ பிடிவாதமாக வந்தால் என்னால் தடுக்க முடியாது, அவர்களும் வேறு வழியில்லாமல் உன்னோடு வந்து நிற்பார்கள், அது எனக்குத் தெரிந்தே இருக்கிறது. கை ஓங்குகிற ஆண்களோடு பேசுகிறவர்களும் இருக்கிறார்களாம், போனிலேயே தமிழில் பேசலாமாம், சாந்தி மேரி கொடுத்த நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ கூப்பிட மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள், தண்ணீர் நிறையக் குடி, வயிற்றைக் காயப்போடாதே. உனக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்றுதான் இன்றைக்கும் சாமியைக் கும்பிட்டேன், பெற்ற மனது வேறு எப்படிக் கும்பிடும். நல்லா இரு சாமி. அங்கேயே இரு.

உன்னைப் பெற்ற அம்மா,
பாக்யலட்சுமி இளையபெருமாள்.