நாலு மணி வரை குடிக்காத தண்ணீர்

அப்பா,

கோபத்தில்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள்.

சிறுநீரகக் கல் எடுத்த பிறகு, தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். நீங்கள் குடிப்பதை அளந்து என் போனுக்குச் சொல்லும் என்றுதான் அந்த ஸ்மார்ட் பாட்டிலை வாங்கித் தந்தேன். தினமும் நாலு மணிக்கு, நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. ஆபீஸ் மாடிப்படியில் நின்று உங்களைக் கூப்பிட்டுக் கத்துகிறேன். உடனே மடக்மடக்கென்று குடிக்கிறீர்கள். பாவம், மறதி என்று நினைத்திருந்தேன்.

நேற்று உங்கள் பக்கத்து வீட்டு அக்கா போனில் பேசினார்.

"காலையிலேயே குடிங்கன்னா கேக்க மாட்டேங்கறாரும்மா. 'குடிச்சிட்டா எம்பொண்ணு எதுக்குக் கூப்பிடுவா?'ங்கறாரு."

அறுபத்தெட்டு வயதில் செய்கிற காரியமா இது? மறுபடி கல் வந்தால் வலியில் துடிக்கப்போவது அந்த பாட்டிலா?

என் போனில், உங்களைக் கூப்பிட்ட பழைய அழைப்புகளைத் தேடிப் பார்த்தேன். மூன்று மாதமாக எல்லாமே நாலு மணிக்குத்தான்.

இனி காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். பதறிப்போய், "என்னம்மா விஷயம்?" என்று கேட்காதீர்கள். விஷயம் ஒன்றும் இருக்காது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே பேசுங்கள்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் மகள்