தொப்பி நிழலுக்குள் யெசெனியா

செப்டம்பர் 7, சனி

ஓவிய வகுப்பில் ஆசிரியை ரெனாத்தா நான் வரையக் கொண்டுபோன புகைப்படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டாள். "முகம்னு பாக்காத செலி. இங்க கொஞ்சம் செங்கல் நிறம், அங்க கொஞ்சம் பச்சை. அவ்வளவுதான்." என்னைவிட மூன்று வயதுதான் கூட, ஆனால் அதட்டுவாள். தலைகீழாக இருந்தால் எனக்குக் கண் கலங்குவதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 8

அக்கா யெசெனியா வளர்ந்தபின் எடுத்ததில் எங்களிடம் மிஞ்சியது இந்த ஒரே படம். மற்றதெல்லாம் அவள் போனில். போனும் லைசன்ஸ் அட்டையும் அந்த விபத்தில் காரோடு போயின.

இதில் நாங்கள் இருவரும் இருக்கிறோம், பீச் தோட்டத்தில், தோளோடு தோள். அதுதான் சிக்கல். கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை; அவர்களுக்கான படையல் மேசையில் உயிரோடிருப்பவர் படம் வைக்கக் கூடாது. என்னை வெட்டி எடுத்துவிடலாம் என்றேன். அம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் தோள்ல கத்தரி வெக்கச் சொல்றியா?" கம்ப்யூட்டரில் வெட்டிக் காட்டினேன். "அதுவும் வெட்டறதுதான்."

இரண்டு வருடமாக அக்காவின் ஏழு வயதுப் படத்தைத்தான் வைக்கிறோம். அம்மாவுக்கு அதில் நிம்மதி இல்லை. "செத்துப்போன குழந்தைங்க முதல் நாள் வரும், பெரியவங்க அடுத்த நாள். அந்தப் படத்தப் பாத்து அவ முதல் நாளே வந்து, நமக்கு இங்க இடமில்லன்னு திரும்பிட்டா?"

அதனால் இந்த வருடம் வரைந்து தருகிறேன் என்றேன். என் வாய் எப்போதாவதுதான் திறக்கும். திறந்தால் இப்படி.

செப்டம்பர் 21

கட்டம் போட்டாயிற்று. குறுக்கே பன்னிரண்டு. படத்தில் உள்ள கட்டத்தைக் கேன்வாஸில் உள்ள கட்டத்துக்கு மாற்றுவது. பள்ளி அலுவலகத்தில் நாள் முழுக்க நான் செய்வதும் இதைத்தான், படிவத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு.

செப்டம்பர் 28

அக்கா முகத்தின் வலது பாதி வந்துவிட்டது. மூக்கில் ஒரு சின்ன வளைவு. நான் மறந்தே போயிருந்தேன்.

இடது பாதி முழுக்க அவள் தொப்பியின் நிழல். பெரிதாக்கிப் பார்த்தேன், வெறும் கறுப்பு. "நிழலுக்குள்ள கேமராவுக்குக் கண்ணு தெரியாது. கறுப்ப அப்பிடாத, பள்ளமாயிடும். அங்க என்ன இருந்ததுன்னு நீதான் யோசிக்கணும்" என்றாள் ரெனாத்தா.

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. இருபது வருடம் ஒரே அறையில் படுத்தவள். இடது புருவம் எப்படி இருந்தது? அந்தக் காது?

அக்டோபர் 5

குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவள்தானே. காது என்னுடையது போலத்தான் இருந்திருக்கும்.

அக்டோபர் 6

புருவமும்.

அக்டோபர் 13

சாயோ சித்தி ஏதோ பேச்சில், "அன்னிக்கு அந்தப் பனியில அவ எதுக்குக் கெளம்பினா?" என்றாள். அம்மா பேச்சை மாற்றினாள். எல்லாருக்கும் தெரியும் எதுக்குன்னு. ஃப்ரெஸ்னோவுல எனக்குப் பரீட்சை. நான் கால்குலேட்டர மேசை மேல விட்டுட்டு பஸ் ஏறிட்டேன். கொண்டு வாயேன்னு போன் பண்ணினேன். காலைல ஏழு மணி. முன்னால போற வண்டி தெரியாத பனி. யாராவது கிட்ட கேட்டு வாங்கியிருக்கலாம். பக்கத்து நாற்காலிப் பையன்கிட்ட ரெண்டு இருந்துச்சு. கேக்க வெக்கம். அக்காகிட்ட கேக்க மட்டும் எனக்கு வெக்கமே இல்ல.

அந்தப் பரீட்சையில் தேறினேன். பட்டச் சான்றிதழ் கூடத்தில் தொங்குகிறது. எங்கள் வீட்டின் முதல் பட்டம். துடைத்து வைப்பது அம்மாதான்.

அக்டோபர் 19

ரெனாத்தா எட்டி நின்று பார்த்தாள். "பரவால்லியே! உன்னையே வரைஞ்சிட்டியா?"

சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பாதியைச் சுரண்டி எடுத்தேன். திரும்ப வரைந்தேன். திரும்பவும் நான்.

அக்டோபர் 27, ஞாயிறு

இனி நேரமில்லை என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சித்தியும் கூட வந்தாள். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது நீடி! இதக் கொண்டுபோய் மேசைல வெச்சா, வர்றவங்க உன்னையும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"பாதிதான் சித்தி."

"பாதிய மட்டும் வெச்சுகிட்டு நாங்க என்ன பண்றது?"

அம்மா கிட்டே போனாள். இருபது வருடமாகக் கொட்டகையில் பீச் பழம் தரம்பிரித்த விரல். அதைப் படத்தின் இடது கண்மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஈரச் சாயம் கையோடு வந்தது. அப்புறம் முழு உள்ளங்கையால் துடைத்தாள். கன்னம், புருவம், காது, எல்லாம். நான் தடுக்கவில்லை. சத்தியமாக, எனக்கு மூச்சு வந்தது.

"சரிம்மா. நீங்க சொல்லுங்க, அந்தப் பக்கம் எப்படி இருக்கும்? நான் போடறேன்."

கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கும் ஞாபகம் இல்லடி செலி."

சித்தி காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 2

படத்தை அப்படியே வைத்தோம். வலது பாதி அக்கா. இடது பாதியில் அம்மாவின் கை இழுத்த பழுப்புத் தடம். சாமந்தி, ரொட்டி, அவளுக்குப் பிடித்த புளி மிட்டாய்.

சித்தி நெடுநேரம் பார்த்தாள். "தன் படம்தான்னு தெரிஞ்சுக்குவா" என்றாள்.

நவம்பர் 4

மேசையைக் கலைத்தோம். படத்தை எடுக்கப் போனேன். "விடு. ஈரமா இருக்கு. காயட்டும்" என்றாள் அம்மா.

நவம்பர் 24

சித்தி வந்தாள். "இன்னுமா எடுக்கல? நாள் முடிஞ்சா வழியனுப்பி வெக்கணும். அவளப் போக விடுங்க." அம்மா அதையேதான் சொன்னாள், இன்னும் காயவில்லை என்று. எண்ணெய்ச் சாயம் அப்படித்தானாம், மாசக்கணக்கில் ஆகுமாம். நான் சொன்னதாகச் சொன்னாள். நான் சொல்லவில்லை.

டிசம்பர் 15

வெளியே பனி. எதிர் வீடு தெரியவில்லை.

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது படத்தின் முன் நின்றாள். தொடவில்லை. "செலி, பாரேன், காஞ்சிடுச்சா?"

கன்னத்தில் விரல் வைத்தேன். காய்ந்து கெட்டியாகி, விரல் வழுக்கியது. துடைத்த பக்கம் நவம்பரிலேயே காய்ந்திருக்கும்.

"இல்லம்மா. இன்னும் ஈரம்தான்."

"அப்படித்தான் நெனச்சேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.