நீ அழித்த கோடு

மச்சான்,

புத்தகம் வந்துவிட்டது. நான் வீட்டில் இல்லாததால் பார்சலைக் கிளென் ஈடன் டெய்ரிக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேலை முடிந்து வரும் வழியில் எடுத்துக்கொண்டு, காருக்குள் இருந்தபடியே பிரித்தேன். புது மையின் மணம் கார் முழுக்க அடித்தது. நமக்குச் சோறு போட்ட அந்த ஆஸ்திரேலியக் கோதுமை நாட்டின் ஃபுட்டிப் பந்தாட்ட லீக்கின் முழு வரலாறும் அதில் இருக்கிறது. எந்தக் கிளப் எப்போது பிறந்தது, என்ன நிறம் உடுத்தியது, எதனால் செத்தது என்று ஒன்றையும் விடவில்லை.

உன் ஊர்க் கிளப்புக்கு நான்கு பக்கம். நாலாம் பக்கத்தின் அடியில் நீ நிற்கிறாய். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் இரண்டு கொடி, முகமெல்லாம் பல். படத்துக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் உன் வாக்குமூலம்: ‘கடைசி ஆட்டத்தில் பிழை விட்டது நான்தான். மற்றவர் சரியாகவே எழுதியிருந்தார்.’ மற்றவர் என்பது நான்.

நேற்றுப் பின்னேரம் பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். படத்தைத் தடவிப் பார்த்தா. “பாத்தீங்களே அண்ணை, உள்ளதை உள்ளபடி சொல்லிப்போட்டுத்தான் போனவர்,” என்றா. புத்தகத்தைச் சாமி அறையில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. குடித்தேன். குடிக்கக் கஷ்டப்பட்டேன் என்று நினைக்கிறாயா? இல்லை. இஞ்சி போட்டிருந்தா, நன்றாக இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஒரே ஒரு இடம் மட்டும் உனக்குத் தெரியாது.

அந்த நாட்டில் ஊர் என்றால் என்ன? கோதுமை கொட்டி வைக்கும் ஒரு சைலோ, ஒரு மதுக்கடை, ஒரு ஃபுட்டி மைதானம். தண்டவாளத்தை ஒட்டிச் சைலோவுக்கு ஒரு கிளப்பாகத் தொடங்கிய லீக் அது. பிறகு ரயில் நின்றது, பள்ளிக்கூடங்கள் மூடின, பெரிய பெரிய இயந்திரங்கள் வந்து ஆட்கள் குறைந்தார்கள். ஆள் போதாத கிளப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். பாதி அந்த நிறமும் பாதி இந்த நிறமுமாக ஜெர்சி தைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்த நாம் இரண்டு பேரும் அகதிகளாகப் போய் அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்தபோது, ஏழு கிளப்புகள் மிஞ்சியிருந்தன. தொழிற்சாலைக்கு இந்தப் பக்கத்து ஊரில் நான் வாடகைக்கு இருந்தேன், அந்தப் பக்கத்து ஊரில் நீ.

ஒவ்வொரு கிளப்பும் தனக்கென்று ஒரு கோல் அம்பயரைக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். யாருக்கும் பிடிக்காத வேலை. பியரும் குடிக்க முடியாமல், குளிரில் கம்பத்தோடு கம்பமாக நிற்க வேண்டும். புதிதாக வந்தவன் தலையில் கட்டிவிடுவார்கள். “உனக்கு எண்ணத் தெரியுமா?” என்று எங்கள் ஃபோர்மன் கேட்டான். எங்கள் கிளப்பின் தலைவரும் அவன்தான். தெரியும் என்றேன். அடுத்த சனிக்கிழமை வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனால், மறு முனையில் அதே கோட்டோடு நீ! உன்னையும் அதே கேள்வி கேட்டுத்தான் பிடித்திருந்தார்கள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

வேலை லேசானதுதான். நடு இரண்டு கம்பங்களுக்கிடையில் பந்து போனால் கோல், ஆறு புள்ளி, இரண்டு கொடி. ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் ஒரு புள்ளி, ஒற்றைக் கொடி. என் முனையில் நான் காட்டினால், கண்டேன் என்பதற்கு நீயும் உன் முனையிலிருந்து காட்ட வேண்டும். இருவரும் அவரவர் சீட்டில் ஒரு கோடு கீற வேண்டும். ஆட்டத்தின் நான்கு காற்பகுதிகளில் ஒவ்வொன்றும் முடிய மைதானத்தின் நடுவில் சந்தித்துச் சீட்டுகளை ஒப்பிட வேண்டும். புள்ளிப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் செல்லுபடியாவது அந்தச் சீட்டுத்தான்.

“என்னடா, வீட்டிலை என்ன கறி?” என்பாய் நடு மைதானத்தில்.

“கத்தரிக்காய்.”

“கோதாரி, இண்டைக்கும் கத்தரிக்காயோ?”

இரண்டு ஊரும் வேலியோரம் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் ஏதோ பெரிய சட்டப் பிரச்சினை பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். என் வாழ்க்கையில் நான் மனம்விட்டுச் சிரித்த நாட்கள் அந்தச் சனிக்கிழமைகள்தான்.

ஏழு கிளப் என்றால் ஒவ்வொரு வாரமும் ஒரு கிளப் எதிர்த்தாட ஆளில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். ஆறாகக் குறைப்போம் என்று லீக் முடிவெடுத்தது. அந்த வருடம் கடைசியாக வரும் கிளப்பைக் கலைத்துப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவதாம். பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தபோது அடி மட்டத்தில் இருந்தவை இரண்டு கிளப்புகள். உன்னுடையதும் என்னுடையதும். அன்றைக்கு ஒன்றோடொன்று மோதின. நாங்கள் வென்றால் உன் கிளப் போய்விடும். சமநிலையில் முடிந்தாலே எங்கள் கிளப் போய்விடும்.

பனிப்புகாரும் தூறலுமாக இருந்தது. கடைசிக் காற்பகுதியில் உன் ஆட்கள் என் முனைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து ஓரத்தால் போனது. ஒற்றைக் கொடி காட்டினேன், கோடு கீறினேன். உடனேயே இன்னொன்றும் அதே பக்கத்தால் போனது. அதற்கும் கொடி காட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கன்டீன் கிழவி பின்னாலிருந்து ஒரு கோப்பை சூப்பை நீட்டினா. கை விறைத்துப்போயிருந்தது. பென்சிலைக் காதில் செருகிவிட்டுக் கோப்பையை வாங்கினேன்.

மணி அடித்தபோது பலகையில் சமநிலை. உன் ஊர் துள்ளிக் குதித்தது. நாம் நடுவில் சந்தித்தோம். உன் சீட்டில் சமநிலை. என் சீட்டில் உன் கிளப்புக்கு ஒரு புள்ளி குறைவு.

நடுவர் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் முடிவு, ஒரு நிமிடம் தருகிறேன் என்று விலகி நின்றார். மச்சான், இதுதான் உனக்குத் தெரியாத இடம். சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்த அந்தக் கணமே எனக்குச் சூப் ஞாபகம் வந்துவிட்டது. சந்தேகமே இல்லை. கீறாமல் விட்டவன் நான்.

“நீ ஒண்டைக் கூடப் போட்டிட்டாய்,” என்றேன்.

“இல்லையடா. ரெண்டு தரம் கொடி காட்டினனீ எல்லோ?”

“ஒருக்காத்தான். புகாருக்குள்ளை உனக்கு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு.”

“பலகையிலும் அப்பிடித்தானே கிடக்கு?”

“பலகைக்காரன் உன்ரை முனையிலை நிக்கிறான். உன்ரை கொடியைப் பாத்துத்தான் போட்டவன். நீ பிழை விட்டால் அவனும் பிழைதானே?”

என் முகத்தைப் பார்த்தாய். பள்ளிக்கூடத்தில் கணக்குக் கொப்பியை என்னிடம் நீட்டும்போது பார்ப்பாயே, அதே பார்வை. “நீ கணக்கிலை விண்ணன். நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்,” என்றாய். ரப்பர் இல்லை. ஈரக் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தாய். கையெழுத்துப் போட்டாய்.

ஃபோர்மன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான், வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் பொய். எண்ணத் தெரியாதவன் என்று என்னை ஒருவரும் சொல்லிவிடக்கூடாது. அவ்வளவுதான் காரணம். அதற்காக ஒரு ஊரின் கிளப்பையும் உன்னையும் சேர்த்து விற்றேன்.

எங்கள் கிளப்பில் அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கினார்கள். உன் ஊரில் உன்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. பேக்கரியில் உனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாக உன்னைப் பார்த்தார்கள். ரோட்டில் நீ நடந்தால் சின்னப் பிள்ளைகள் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்கள், ஒரு புள்ளி என்று. உன் மகள் அப்போது முதலாம் வகுப்பு. அவளுக்கும் காட்டினார்கள். அவள் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் திருப்பிக் காட்டினாள் என்று நீயே என்னிடம் சொல்லி அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பருவத்தில் உன் ஊர்ப் பெடியள் எங்கள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். அதற்குள் நீ ஊரைவிட்டே போய்விட்டாய். உலகமெல்லாம் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓட, நீ மட்டும் எதிர்த்திசையில் ஓடினாய். நீ போய் இரண்டு பருவத்துக்குள் எங்கள் கிளப்பும் ஆளில்லாமல் மூடியது. பிறகு தொழிற்சாலையும் மூடியது. யாருக்காவது ஏதாவது மிஞ்சியதா என்று கேட்டால், ஒரு மண்ணும் இல்லை.

வேலை போனதும் நான் யாரைத் தேடி வந்தேன்? உன்னைத்தான். ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கியவன் நீ. எல்லர்ஸ்லியில் நீ வேலை செய்த அலுவலகத்திலேயே எனக்கும் ஒரு வேலை கேட்டு வாங்கித் தந்தாய். இங்கே எல்லாருக்கும் ரக்பி. அந்த லீக்கைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உன்னால் முடியவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் நீயாகவே ஆரம்பிப்பாய்: “நான் ஒரு ஊரையே கவிழ்த்தவன், தெரியுமோ?”

நம்மோடு வேலை செய்த கோயம்புத்தூர்க்காரர் சிரிப்பார். “என்னங்க, ஒரே ஒரு பாயிண்டுக்கா இவ்வளவு பேசுறீங்க? இந்நேரம் அவங்களே மறந்திருப்பாங்க.”

“அவை மறந்தாலும் நான் மறக்க ஏலாது. இவனைக் கேளுங்கோ, இவன் பக்கத்திலை நிண்டவன்.”

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடுவேன்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது அப்போதுதான். ஏனடா அப்படி நம்பினாய்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘இல்லை, நீதான் பிழை’ என்று சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே உடைந்திருப்பேன். நீ உன்னையே சந்தேகித்தாய். அதன்பிறகு எதையும் தனியாக எண்ணமாட்டாய். தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் புள்ளி எழுதக் கூப்பிட்டால், “என்னை அதுக்கு விடாதையுங்கோ,” என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வாய். மருந்துப் பெட்டியில் குளிசைகளைப் போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்வாய். “அப்பா, இட்ஸ் ஃபைன்,” என்பாள் அவள் எரிச்சலோடு. இன்னொருக்காப் பார் என்பாய். உன்னைப் பார்க்க எனக்கு வெறுப்பாக இருந்தது. என்னை வெறுப்பதைவிட அது சுகமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் உனக்கு இனிச் சில நாட்கள்தான் என்று சொன்ன வாரம், அந்த லீக்கின் வரலாற்றை எழுதும் ஓய்வுபெற்ற வாத்தியார் நம் இருவருக்கும் மின்னஞ்சல் போட்டார். கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கோல் அம்பயர்களின் வார்த்தையில் சில வரிகள் வேண்டும் என்று. உன்னால் தட்டச்சுப் பண்ண முடியாது. “நான் சொல்லுறன், நீ இங்கிலீசிலை போடு,” என்றாய். கட்டிலோரம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டேன். நீ மூச்சு வாங்க வாங்கத் தமிழில் சொன்னாய். நான் ஆங்கிலத்தில் அடித்தேன். பிழை விட்டது நான்தான் என்றாய், அடித்தேன். மற்றவர் சரியாகவே எழுதியிருந்தார் என்றாய், அதையும் அடித்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட விடவில்லை.

“வாசி பாப்பம்.”

வாசித்துக் காட்டினேன்.

“சரியாத்தானே கிடக்கு?”

“ஓம். சரியாத்தான் கிடக்கு.”

அனுப்பிவிட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். “மச்சான், அண்டைக்கு நீ நினைச்சிருந்தால் எல்லாருக்கும் முன்னாலை என்னை நாறடிச்சிருக்கலாம். மெதுவாத் தமிழிலை சொல்லித் திருத்தினாய். அதை நான் மறக்கேல்லை. உன்ரை சினேகிதன் ஒரு மொக்கன் எண்டு உனக்கும் வெக்கமாத்தான் இருந்திருக்கும். என்னை மன்னிச்சுக்கொள்.”

அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். அதன்பிறகும் நீ மூன்று நாள் உயிரோடு இருந்தாய், அந்த மூன்று நாளில் எந்த நேரமும் சொல்லியிருக்கலாம்.

“விசர்க்கதை கதையாதை,” என்றேன். “நான் அதை எப்பவோ மன்னிச்சிட்டன்.”

நீ அழுதாய். முகம் அப்படியே தெளிந்துபோனது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாய் என்று உன் மனைவி சொன்னா. செத்தவீட்டில் உன் மகள் என்னைக் கட்டிப்பிடித்து, “தாங்க்யூ அங்கிள், அப்பா வோஸ் சோ ஹாப்பி,” என்றாள். அவள் தலையைத் தடவிவிட்டேன்.

உனக்கு இனிக் காது கேட்காது என்ற தைரியத்தில் கடைசியாக ஒன்றைச் சொல்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நெஞ்சு லேசானது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, அந்த நிம்மதி இன்னும் போகவில்லை மச்சான். காலையில் எழும்பும்போதும் அது அப்படியே இருக்கிறது.