குவிமாடம் காயும் வரை

ஹுஃபூஃப்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜோதிமணிக்கு, பாண்டித்துரை எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பாப்பா தாமரை மூச்சிரைக்காமல் படியேறுகிறாளா? போனில் சொல்ல வாய் வராததை எழுதி, லீவில் வரும் உடையப்பன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் தரும் பேரீச்சம்பழத்தைப் பாப்பாவுக்குக் கொடு.

இந்த அரபு நாட்டில் நான் பூச்சு வேலை பார்க்கும் பழைய பள்ளிவாசலைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. துருக்கி சுல்தான் காலத்தில் கோட்டைச் சிப்பாய்கள் தொழுவதற்குக் கட்டியது. நானூற்றைம்பது வருஷம் இருக்கும். தலைக்கு மேலே ஒரே பெரிய குவிமாடம், அடியில் ஒரு தூண்கூட இல்லை. பாரமெல்லாம் வளைவு வழியாகச் சுவரில் இறங்குகிறது என்று இன்ஜினியர் ஹாலிதா மேடம் விளக்கினார். சுவரின் அகலத்தில் நீயும் பாப்பாவும் பாய் விரித்துப் படுக்கலாம். அந்தச் சிப்பாய்களுக்கும் லீவு கிடைத்திருக்காது, பாவம்.

இதற்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். மொத்தம் மூன்று பூச்சு, ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. மூன்றும் முடிந்தால்தான் எனக்கு லீவு. பாப்பாவின் ஆபரேஷன் தேதி நெருங்க நெருங்கப் பொறுக்கவில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று கடைசிப் பூச்சில் யாருக்கும் தெரியாமல் சிமெண்ட் கலந்துவிட்டேன். ஊரில் எத்தனை வீட்டுக்கு அப்படிப் பூசியிருக்கிறேன்! இங்கே இரண்டே வாரத்தில் வெடித்துவிட்டது. மேடம் தட்டிப் பார்த்தார். திட்டவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி முதலிலிருந்து பூசச் சொன்னார்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. வேலை முடியாமல் லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டும் கம்பெனியில் இருக்கிறது. இன்னும் இரண்டு மாசம் ஆகும். சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்தாலும் வெடிக்குமாம். அதனால் நானே தினமும் ஈரச்சாக்கு போர்த்தி, பூச்சு சீக்கிரம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். என் நிலைமையைப் பார்.

எனக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. இதயத்து ஓட்டையை இந்த மாசமே அடைத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மறந்துவிடாதே. நீயே கையெழுத்துப் போடு. அப்பா வந்தால்தான் உள்ளே போவேன் என்று பாப்பா அடம்பிடிப்பாள். அப்பா வந்துவிட்டார், கதவுக்கு வெளியே நிற்கிறார் என்று சொல்லி அனுப்பு. பாவமெல்லாம் என் தலையில் இருக்கட்டும்.

கண் விழித்ததும் அப்பா எங்கே என்று கேட்பாள். கேட்கட்டும் ஜோதி. அவள் கேட்டாள் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல். அது போதும்.

மீனாட்சி தாயே, என் பிள்ளையைப் பார்த்துக்கொள்.

உன்
பாண்டித்துரை