தூங்குவதற்கென்றே வந்தவர்

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், நம் லாட்ஜின் தண்ணீர் மோட்டாருக்குத்தான் உடம்பு சரியில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். லீவு போட்டுவிட்டுத் தனியாக ஊர் பார்க்கப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே பயமாக இருந்தது, தனியாக எதற்குப் போகிறாள், மனதில் என்ன கஷ்டமோ என்று. இப்போது அந்தப் பயம் போய்விட்டது. எப்படி என்று கேள்.

லாட்ஜுக்கு வருகிறவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று பெட்டியை இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். நாலு பேருக்குக் காட்ட வந்தவர்கள் குளிப்பதற்கு முன்பே போட்டோ எடுக்கக் கிளம்பிவிடுவார்கள், வீட்டுத் தொல்லைக்குத் தப்பி வந்தவர்கள் போனை அணைத்துவிட்டு டீக்கு மேல் டீ கேட்பார்கள். போன வாரம் ஒருவர் தனியாக வந்தார். பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, திரையை இழுத்து மூடிக் கதவைத் தாழ் போட்டவர் சாப்பிடவும் வரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள வந்தவரோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நேராகக் கேட்க முடியுமா? சோப்பு வேண்டுமா என்று நான் தட்டினேன், துண்டு மாற்றவா என்று அப்பா தட்டினார், தண்ணீர் வருகிறதா என்று மறுபடி நான். உள்ளேயிருந்து குரல் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும். கடைசியில் அப்பா, நன்றாக ஓடுகிற ஃபேனை ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று ஸ்டூலோடு போய் நின்றார், பின்னாலேயே நானும். மனிதர் கதவைத் திறந்தார், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. வீட்ல ரெட்டைக் குழந்தைங்கம்மா, ஒண்ணு ஓஞ்சா இன்னொண்ணு ஆரம்பிக்குது, போன வாரம் என் பெண்டாட்டி அவங்கம்மா வீட்டுல போய்த் தூங்கிட்டு வந்தா, இப்ப என் முறை, தயவுசெஞ்சு தூங்க விடுங்க என்று கெஞ்சினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பா அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மத்தியானம்தான் அந்த மனிதர் எழுந்து வந்தார், முகமே மாறியிருந்தது. ஊரில் ஒன்றையும் பார்க்காமல் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

நீயும் களைத்துத்தான் போயிருப்பாய், நான்தான் அதைத் துக்கம் என்று நினைத்துவிட்டேன். போய் வா. அறைக்குள் போனதும் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார், கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்காதே. ஒருவேளை நிஜமாகவே மனசு சரியில்லை என்றால் வேறெங்கும் போகாதே, நேரே இங்கே வா. இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கு.

நோய்நொடியின்றி நீ நீண்ட நாள் நன்றாயிருக்க வேண்டும். ஊர் திரும்பியதும் ஒரு வார்த்தை சொல்ல மறக்காதே, அதுவரை நான் போன் செய்ய மாட்டேன். நீ தங்கப்போகும் இடத்தின் நம்பரை அப்பா கேட்டார், தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா