கடனுக்கு முன் வருமானம்: பூஜ்யம்

அக்கா,

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இன்று யாரோ வேர்க்கடலை வறுத்தார்கள், நீங்கள் சொல்லும் மல்லாட்டை. சூடான மணல் வாசனையில் நின்று விழுப்புரம் பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்ததில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மகளிர் குழுக் கடனில் நீங்கள் மல்லாட்டை வறுத்து விற்கத் தள்ளுவண்டி வாங்கிய மறு வருடம், வருமானம் எவ்வளவு வளர்ந்தது என்று அளக்க உங்கள் ஊரான கெடாருக்கு வந்தேன். வளர்ச்சியை அளப்பதற்கு எனக்குச் சம்பளம். வளராத இடத்திலும் சம்பளம் உண்டு. படிவத்தில் 'கடனுக்கு முன் தொழில் வருமானம்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். எட்டிப் பார்த்தீர்கள்.

"இன்னா சார், ஒண்ணுமே இல்லன்னு போட்டுட்டீங்க? நடவுக்கும் களைக்கும் போய்க்கினுதானே இருந்தேன்?"

"அது கூலிக்கா. தொழில் இல்ல."

"இடுப்பு ஒடிஞ்சது மட்டும் தொழிலு மாதிரிதான் இருந்துச்சு."

கூலியைச் சேர்த்திருந்தால், வண்டி வந்த பிறகும் உங்கள் கையில் நின்றது ஏறக்குறைய அதே தொகைதான். பூஜ்யத்திலிருந்து பார்த்தால் எதுவும் மலைபோலத் தெரியும். உங்கள் படத்துடன் அந்தக் கணக்கு எங்கள் அலுவலகத்தின் வெற்றிக்கதைப் புத்தகத்தில் ஏறியது. இடம் போதாமல் 'தொழில்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன்.

பெருமையாக இருபது பிரதி கொடுத்தேன். தாள் தாளாகக் கிழித்துப் பொட்டலம் மடித்தீர்கள். "நல்ல பேப்பரு சார். சூடு தாங்குது." அந்தப் புத்தகத்துக்கு வந்த ஒரே நேர்மையான மதிப்புரை அது.

அந்த வருட மழையில் உங்கள் ஓலைக்கூரை பிய்ந்தது. அரசு வீடு கேட்டு எழுதிக் கொடுத்தீர்கள். புத்தகம் அந்த அலுவலகத்துக்கும் போயிருந்தது. "இவ்ளோ சம்பாதிக்கிறியே, உனக்கு எதுக்கும்மா வீடு?" என்று உங்கள் படத்தையே காட்டினார்களாம். பேருந்தேறி வந்து என் மேசை முன் நின்றீர்கள்.

"அது அப்படி இல்லன்னு ஒரு வார்த்த வந்து சொல்லிடுங்க சார்."

"பாக்கறேன்க்கா" என்றேன். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது மேலே போயிருந்தது. அதிலும் உங்கள் படம் இருந்தது. நான் போகவில்லை. பதவி உயர்வு வந்தது. அந்தக் கடனால் யாருடைய வருமானமாவது வளர்ந்ததென்றால், என்னுடையதுதான்.

நீங்கள் மறுபடி கேட்கவே இல்லை. வண்டியருகே வந்தால் வழக்கம்போல ஒரு கை கூடுதலாகப் போட்டீர்கள். கூரைமேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கடைசிவரை அங்கேயே இருந்தீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த அன்றும் ஒழுகியது. தலைமாட்டில் யாரோ ஒரு குண்டான் வைத்திருந்தார்கள்.

கடைசியாக உங்களிடம் வாங்கிய பொட்டலத்தின் தாள், அந்தப் புத்தகத்தில் உங்கள் கதை இருந்த பக்கம், என் பணப்பையில் இருக்கிறது. மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. பூஜ்யத்தின் மேல் மடிப்பு விழவில்லை.