பழைய ஜெட்

சனிக்கிழமை.

கொல்லையில் இருக்கும் பெரிய பிரியாணி அடுப்பை இன்று சிலிண்டரிலிருந்து குழாய் கேஸுக்கு மாற்றினார்கள். பற்றவைத்தால் தீ அகல்விளக்கு போல நின்றது. நாளைக்கு ஒரு நிக்காஹ்வுக்குப் பத்து கிலோ ஆக்கித் தர வேண்டும்.

"கொழா கேஸு இவ்ளோதாங்க்கா எரியும்," என்றார் ஃபிட்டர்.

"நான் அப்பவே சொன்னேன். பேசாம வெறகுக்கே போ," என்றார் கணவரின் அண்ணன். அந்தப் புகையில் ஆறு வருஷம் இருமியவள் நான். அவர் ஒரு நாளும் அடுப்பு ஊதியதில்லை.

கேஸ் வரும் ஜெட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். சிலிண்டருக்குப் போட்ட பழைய ஜெட்டேதான். சிலிண்டர் கேஸ் அழுத்தமாக வரும், சின்ன ஓட்டை போதும். இது மெதுவாக வருகிறது. ஷூ கம்பெனியில் பத்து வருஷம் தைத்தவள் நான். தோல் மாறினால் ஊசியை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

"பெரிய ஓட்ட ஜெட்டு போடாம நீ போவ முடியாது தம்பி," என்று கொல்லைக் கதவைப் பூட்டினேன். முனகிக்கொண்டே பையைத் துழாவினார். பையிலேயே இருந்தது!

தீ நீலமாகச் சீறி எழுந்தது.

"வெறகு வாசன வராதே," என்றார் அண்ணன்.

"வாசன வேணும்னா உங்க வீட்ல நீங்களே ஊதிக்கங்க மாமா," என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கோபம்தான். இருக்கட்டும். நாளைக்குச் சாப்பிட வருவார்.